28 வருடமாகப் பதில் போடாத கடிதம்: கப்பல் தோழிக்கு இப்போது எழுதலாமா?

கிள்ளான்கரை | 9 நவம்பர் 2024, இரவு 10:42

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போகிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994இல் எனக்கு 23 வயது. கிள்ளானில் மணிமன்றம் (தமிழ் இளைஞர் அமைப்பு), பட்டறை, முகாம் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த வருடம் தென்கிழக்காசிய இளைஞர் கப்பலில் மலேசியக் குழுவோடு போக இடம் கிடைத்தது. ஏறக்குறைய ஐம்பது நாள், முந்நூறு பேர் வரை, எல்லோரும் ஒரே கப்பலில். ஒரு கேபினுக்கு மூன்று பேர், மூன்று பேரும் மூன்று நாடு. எனக்கு வாய்த்தவர்கள் ஒரு பிலிப்பைன்ஸ்காரி, ஒரு ஜப்பான்காரி. பெயர்களை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரி செண்டாய் பக்கம். அதிகம் பேசமாட்டாள். கடல் ஒத்துக்கொள்ளாமல் நான் முதல் வாரம் முழுக்கப் படுத்தே கிடந்தபோது, வாளியைக் கழுவி வைத்தது அவள். ஒரு வார்த்தை சொல்லாமல் செய்வாள். ராத்திரியில் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பேன். 'ழ'வை மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்ப்பாள், வரைவதைப் போல. பிரியும்போது மூன்று பேரும் அழுத அழுகையில் துறைமுகமே எங்களைத்தான் பார்த்தது.

1996 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்கு நாள். அப்போது பாட்டி எங்களோடு இருந்தார். என் தாத்தாவை 1943இல் ஜப்பான் படையினர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்கு, அதாவது தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் பாதை போடுவதற்கு, கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை என்று சொன்னார்களாம். திரும்பவில்லை. அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. பாட்டி அதற்குப் பிறகு மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்ததில்லை, வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

தோழி வருவதற்கு முந்திய நாள் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "பாட்டிகிட்ட ஹாங்காங் பிள்ளைன்னு சொல்லிடு" என்றார். நான் சொன்னேன். பாட்டியும் நம்பினார். நான்கு நாளும் அவளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தார், தலைவாரிவிட்டார். கிளம்பும் நாள் நெற்றியில் திருநீறு வைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஜப்பான்காரன் உங்க சனத்தையும் சும்மா விடலையே தாயி. சீனவங்கள எப்படியெல்லாம் கொன்னான். நீங்களும் எங்களப் போலத்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மறுபடியும் வரச் சொல்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன்.

அவள் இங்கிருந்து ரயிலில் தாய்லாந்து போய், அந்தச் சயாம் பாதை ஓடுகிற காஞ்சனபுரியும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள். டிசம்பரில் கடிதம் வந்தது. இரண்டே கேள்வி. "ஆற்றோரம் ஜப்பானியர் கட்டிய நினைவுத்தூணில் உன் எழுத்து இருக்கிறதே, ஏன்?" அப்புறம், "உன் பாட்டி என் கையைப் பிடித்து அழுதபோது ஜப்பான் என்ற சொல் என் காதில் விழுந்தது. அவர் என்ன சொன்னார்?"

நான் பதில் போடவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். 2001இல் பாட்டி போய்விட்டார். 2011 சுனாமியில் செண்டாய் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததை டிவியில் பார்த்து நடுங்கினேன். அவள் நலமாக இருக்கிறாள் என்று பிலிப்பைன்ஸ் தோழி சொல்லித்தான் தெரியும். அப்போதும் எழுதவில்லை.

இந்த வருடம் கப்பல் திட்டத்துக்கு 50 வயது. பழைய படங்களை எல்லோரும் குழுவில் போடுகிறார்கள். ஒரு படத்தில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. இத்தனை வருடம் கழித்து எழுதலாமா? எழுதினால் எதை எழுதுவது?

---

மதுரைவீதி | 9 நவம்பர், இரவு 11:30

அக்கா, படித்து முடித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இந்தக் கப்பலைப் பற்றி எதுவும் தெரியாது. இங்கே தமிழ்நாட்டில் என்.சி.சி. பிள்ளைகள் வெளிநாடு போய் வருவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். யாராவது கொஞ்சம் விளக்குங்களேன்.

---

தேக்கா | 10 நவம்பர், காலை 8:15

நான் சிங்கப்பூர் குழுவில் 2005இல் போனவன். மதுரைவீதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், அக்காவுக்குச் சொல்ல வேண்டியதும் அதில்தான் இருக்கிறது.

1974 ஜனவரியில் ஜப்பான் பிரதமர் தனாகா காகுயே பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா என்று ஐந்து நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். பேங்காக்கில் மாணவர்கள் அவருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ஜகார்த்தாவில் கலவரமே வெடித்தது, ஜப்பான் கார்களை எரித்தார்கள், உயிர்கள் போயின. போர் முடிந்து முப்பது வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஜப்பான் சாமான் கடைக்குக் கடை வந்துவிட்டது என்ற கோபம். அதே பயணத்தில்தான் இளைஞர் கப்பலுக்கும் அந்த ஐந்து நாடுகளோடு பேசி முடித்தார்கள். அதே வருடம் முதல் கப்பல் புறப்பட்டது. புரூணை 1985இல் சேர்ந்தது, வியட்நாம் 1996இல், லாவோஸும் மியான்மரும் 1998இல், கம்போடியா 2000இல்.

கப்பலில் காலையில் கொடியேற்றம், அப்புறம் கலந்துரையாடல், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கலை இரவு. துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி உள்ளூர்க் குடும்பங்களோடு இரண்டு மூன்று நாள் தங்கல். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்திலிருந்து வண்ணக் காகிதச் சுருளை வீசுவோம், கரையில் இருப்பவர் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். கப்பல் விலக விலக அது நீண்டு நீண்டு அறுந்துவிடும். போனவர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் சங்கம் உண்டு, மலேசியாவில் கபேசா. எல்லாவற்றையும் இணைத்து 1987இல் பொதுச் சங்கம் அமைத்தார்கள். வருடத்துக்கு ஒரு நாட்டில் ஒன்றுகூடல் நடக்கும். கப்பல் நம் ஊர்த் துறைமுகத்துக்கு வரும்போது பழையவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சந்திப்பும் உண்டு. எழுபதுகளில் போனவர்கள் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, தாங்கள் இருந்த கேபின் பக்கம் எது என்று தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். அது அவர்கள் போன கப்பலாகக்கூட இருக்காது. இருந்தாலும் தேடுவார்கள்.

அக்கா, எழுதுங்கள். ஒன்று யோசித்துப் பாருங்கள். ஜப்பான்மேல் இருந்த அந்தக் கோபத்தை ஆற்றத்தான் இந்தக் கப்பலையே விட்டார்கள். ஆனால் கப்பலில் நாங்கள் எத்தனையோ பேசினோம், போரைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசவில்லை. மற்றவர் மனம் நோகுமே என்று ஒவ்வொருவரும் தவிர்த்தோம். உங்கள் தோழி அந்த இரண்டு கேள்வியைக் கேட்டதன் மூலம் முந்நூறு பேரும் செய்யாததைச் செய்திருக்கிறாள். அவளுக்குப் பதில் வேண்டும்.

---

சயாம்பேரன் | 10 நவம்பர், பகல் 1:05

நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப் போகிறேன். அக்கா மன்னிக்கவும்.

என் தாத்தாவும் போனவர், பேராக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. அவர் திரும்பி வந்தார். ஆனால் வந்தது வேறு ஆள் என்று பாட்டி சொல்வார். ராத்திரியில் எழுந்து லயத்து வாசலில் நின்றுகொண்டு, "கணக்கு எடுக்கிறாங்க, எல்லாரும் வாங்க" என்று கூப்பிடுவாராம்.

415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதில் வேலை செய்தார்கள், ஏறக்குறைய 90,000 பேர் செத்திருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். அதில் நம் தோட்டத்துச் சனம் எத்தனை என்று யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறை, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பூச்செடி. நான் அங்கே நின்று தேடிப் பார்த்துவிட்டு வந்தவன். உங்கள் தோழி பார்த்த தூணையும் பார்த்தேன். அதைக் கட்டியது ஜப்பான் படையேதான், 1944இல், வேலை முடிந்ததும். தமிழில் எழுதிவைத்திருக்கிறார்கள். செத்தவன் ஒருவனின் பெயரும் அதில் இல்லை.

இந்த இழையில் எல்லோரும் ஜப்பான் தோழிக்கு என்ன சொல்வது என்று பேசுகிறீர்கள். ஏமாந்தது பாட்டி. தன் வீட்டில், தன் கையால் தோசை ஊற்றிக் கொடுக்கும் பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருந்தது. தெரிந்தால் அனுப்பியிருக்கலாம், திட்டியிருக்கலாம், இல்லை அப்படியே தோசை ஊற்றியிருக்கலாம். அந்த முடிவை எடுக்க நீங்கள் அவரை விடவில்லை. இப்போது தோழிக்கு எழுதி மனப்பாரத்தை இறக்கிக்கொண்டால் பாட்டிக்கு என்ன?

இன்னொன்று. ஐம்பது நாள் கப்பலில் ஆடிப்பாடிவிட்டு வருவதை வாழ்நாள் நட்பு என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. கஷ்டமான ஒரு கேள்வி வந்ததும் அது நின்றுபோய்விட்டதே.

---

கிள்ளான்கரை | 10 நவம்பர், இரவு 9:50

தம்பி (வயதில் சிறியவராக இருப்பீர்கள் என்று நினைத்து அப்படிக் கூப்பிடுகிறேன்), நீங்கள் எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். என் வீட்டில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் இத்தனை நாளும் தோழியிடம் பொய் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டியிடம் சொன்ன பொய்யை அம்மாவின் கணக்கில் வைத்துவிட்டேன். சொன்னது என் வாய்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பாட்டிக்கு இருதயக் கோளாறு இருந்தது, அதுவும் உண்மைதான். ஆனால் அம்மா பயந்தது பாட்டி கோபப்படுவார் என்று இல்லை. தாத்தா திரும்பி வருவார் என்று பாட்டி ரொம்ப காலம் காத்திருந்தார். அதெல்லாம் ஒருவழியாக அடங்கிய பிறகு ஜப்பான்காரி ஒருத்தி வாசலில் வந்து நின்றால், அவளிடம் போய், "உங்க ஊர்ல யாராச்சும் என் வீட்டுக்காரரப் பாத்தாங்களா" என்று பாட்டி கேட்டுவிடுவார் என்று பயந்தார். அதை எங்களால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று.

நட்பு நின்றுபோனது என்கிறீர்கள். என் பக்கம் நின்றது. அவள் பக்கம் நிற்கவில்லை. 1997 ஜனவரியிலிருந்து வருடா வருடம் புத்தாண்டு அட்டை வந்தது. எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு. ஏழு அட்டை. ஒவ்வொன்றிலும் கையால் ஒரு வரி, கடைசியில் தமிழில் என் பெயர். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

கடைசியாக 2003இல் ஒன்று வந்தது. அதில் மிருகம் இல்லை, வண்ணம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பூ, அச்சடித்த ஜப்பானிய எழுத்து, அவ்வளவுதான். ஜனவரிகூட இல்லை, டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அவளுக்கும் சலித்துவிட்டது, முடித்துக்கொள்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அடுத்த வருடம் நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம்.

---

நிஷிகசாய் | 11 நவம்பர், காலை 6:20

அக்கா, நான் தோக்கியோவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். அந்தக் கடைசி அட்டையைப் படம் எடுத்துப் போட முடியுமா? பெயர், முகவரி இருந்தால் மறைத்துவிடுங்கள். அது நீங்கள் நினைக்கிறது இல்லை என்று தோன்றுகிறது.

---

கிள்ளான்கரை | 11 நவம்பர், காலை 7:05

இணைத்திருக்கிறேன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், மாலையில்தான் பார்ப்பேன்.

---

நிஷிகசாய் | 11 நவம்பர், காலை 7:40

அக்கா, உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே புத்தாண்டு அட்டைக்கு நெங்காஜோ என்று பெயர். டிசம்பர் 15இலிருந்து தபால் நிலையத்தில் ஏற்றுக்கொள்வார்கள், 25க்குள் போட்டால் சரியாக ஜனவரி 1 அன்று வீட்டுக்கு வரும். அந்த வருடத்து மிருகத்தைப் போட்டு வாழ்த்து எழுதுவார்கள். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் அந்த வருடம் வாழ்த்து அனுப்பமாட்டார்கள். அதற்குப் பதில் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு துக்க அட்டை போகும். மோச்சூ என்பார்கள். சாம்பல் அச்சு, ஒரு பூ. "நாங்கள் துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதைத் தவிர்க்கிறோம்" என்று இருக்கும். உங்கள் அட்டை அதுதான்.

கீழே இருக்கிற வரி: அவருடைய தந்தை அந்த ஆண்டு ஆகஸ்டில், 71 வயதில் காலமானார்.

இந்த அட்டையை யாருக்கு அனுப்புவார்கள் தெரியுமா? வழக்கமாகப் புத்தாண்டு அட்டை அனுப்புகிறவர்களுக்கு. இந்த வருடம் என்னிடமிருந்து வராது, காத்திருக்காதே என்று சொல்வதற்கு. ஏழு வருடம் ஒரு பதிலும் போடாத ஆள் அவருடைய பட்டியலில் அப்போதும் இருந்திருக்கிறார். அடுத்தடுத்த வருடங்களில் உங்கள் பழைய வீட்டுக்கு அட்டை வந்ததோ என்னவோ.

---

கிள்ளான்கரை | 11 நவம்பர், இரவு 8:30

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். அவள் அப்பாவை எனக்குத் தெரியும். அதாவது, படத்தில். கப்பல் கேபின் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள், கையில் ஒரு பெரிய முள்ளங்கியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம்.

அவள் அப்பா செத்ததை எனக்குச் சொல்லியிருக்கிறாள். 21 வருடமாக அந்த அட்டை என் பீரோவில் இருக்கிறது.

இப்போதைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

---

செந்தூல்வீடு | 12 நவம்பர், காலை 10:10

தங்கச்சி, நான் கப்பலில் போனவள் இல்லை. கப்பல் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டவள். கோலாலம்பூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தடவை வந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர். இரண்டு ராத்திரிதான். முதல் நாள் எது கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில்தான் காரம் தாங்கவில்லை என்று உண்மை வரும். மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார்கள். உண்மை வர ஆரம்பிக்கிற நேரத்தில் பயணம் முடிந்துவிடும். உங்களுடையதும் அப்படித்தான். உண்மை வர இரண்டு வருடம் ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

லாவோஸ் பையன் ஒருவன் 2007இல் வந்தான். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அப்படித்தான். இன்றைக்கும் தீபாவளிக்கு அம்மா என்று கூப்பிட்டுப் பேசுவான். நடுவில் நாலு வருடம் சத்தமே இல்லை. நான் கோபித்துக்கொண்டேன். அப்புறம் தெரிந்தது, அவன் மனைவிக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கிறது. நல்ல செய்தி வந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தானாம். அப்போது நான் சொன்னேன்: கெட்ட செய்தி சொல்லக்கூட முடியாதவளா உனக்கு அம்மா?

துக்கம் விசாரிக்கக் காலம் கிடையாது. நம் பக்கத்தில் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்போம். அவள் அப்பாவை விசாரித்து எழுதுங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.

---

சயாம்பேரன் | 12 நவம்பர், இரவு 11:20

அக்கா எங்கே, நலமா?

நான் சொன்ன ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். நட்பு நின்றுவிட்டது என்றேன். ஏழு வருடம் பதில் இல்லாமல் அட்டை போட்ட ஆளைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் இன்னொன்றை மாற்றவில்லை. எழுதுவதென்றால் மன்னிப்புக் கேட்டு மட்டும் எழுதாதீர்கள். அவர் உங்களிடம் எதிர்பார்த்தது மன்னிப்பு இல்லை, கேள்விக்குப் பதில். பாட்டி சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். "சும்மா விடலையே தாயி" என்றதையும், "எப்படியெல்லாம் கொன்னான்" என்றதையும். மென்மையாக்க வேண்டாம். தாத்தா பெயர், எந்தத் தோட்டம், எந்த வருடம், எல்லாம். செண்டாயில் ஒரு வீட்டிலாவது அந்தப் பெயர் எழுத்தில் இருக்கட்டும். பாட்டிக்கு என்ன என்று கேட்டேனே, இதையாவது செய்யலாம் என்று தோன்றுகிறது.

---

தேக்கா | 13 நவம்பர், காலை 7:55

சயாம்பேரன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு கேள்வி. அக்கா, உங்கள் பிலிப்பைன்ஸ் தோழிக்கு இதெல்லாம் தெரியுமா? எங்கள் பேட்சில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். பிறந்தநாள், கல்யாணம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். 2020இல் கப்பலே புறப்படாதபோதும் எங்கள் பேட்ச் கலையாமல் இருந்தது அப்படி ஒருவரால்தான். மற்ற நாங்கள் எல்லாம் அவர் கட்டி வைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். உங்களுக்கு அது அவர்தான் என்று நினைக்கிறேன்.

---

கிள்ளான்கரை | 16 நவம்பர், மாலை 5:15

எல்லோருக்கும் நன்றி. நலமாக இருக்கிறேன். நான்கு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

தேக்கா கேட்டதால் பிலிப்பைன்ஸ் தோழியைக் கூப்பிட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பாட்டி, மொழிபெயர்ப்பு, கடிதம், அட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவே இல்லை, அது அவள் சுபாவமே இல்லை.

முடித்ததும் சொன்னாள்: "அவளுக்கு ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாது என்று வருத்தம். என்ன என்று என்னிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் உன்னை விசாரிப்பாள். நான் உன் படங்களை அனுப்புவேன்." என் கல்யாணம், பிள்ளைகள், வீடு மாறியது, அப்பா காரியம், போன வருடம் என் மகன் பட்டம் வாங்கியது, எல்லாம் செண்டாய்க்குப் போயிருக்கிறது. அவளுடைய படங்கள் ஏன் எனக்கு வரவில்லை என்று கேட்டேன். "நீ ஒரு தடவையாவது கேட்டாயா?" என்றாள்.

கேட்கவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே நான் வேறு எதையாவது எடுத்துவிடுவேன்.

உடனே நாலு படம் அனுப்பினாள். ஒன்றில் அவள் ஏதோ பள்ளி விழாவில் நிற்கிறாள், முடி பாதி வெளுத்துவிட்டது. முகத்தில் அப்படியே அவள் அப்பா.

முகவரியும் கொடுத்தாள். போன் நம்பரும் கொடுத்தாள், ஆனால் கடிதத்துக்குக் கடிதம்தான் என்று நினைக்கிறேன்.

---

நிஷிகசாய் | 16 நவம்பர், மாலை 6:02

கடிதமே நல்லது அக்கா. புத்தாண்டு அட்டையாக மட்டும் முதலில் அனுப்பாதீர்கள். இந்த வருடமும் வீட்டில் ஏதாவது துக்கம் இருந்தால் தர்மசங்கடம். சாதாரண உறை, சாதாரணத் தாள் போதும். ஜப்பானியத்தில் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

---

கிள்ளான்கரை | 16 நவம்பர், இரவு 9:30

நன்றி தம்பி. ஆங்கிலத்திலேயே எழுதுகிறேன், எங்கள் மூன்று பேருடைய கப்பல் ஆங்கிலத்தில். பாட்டி சொன்னதை மட்டும் தமிழில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதப் போகிறேன். இந்த முறை சரியாக. அந்த அர்த்தத்தை ஜப்பானியத்தில் எழுத உங்கள் உதவி வேண்டும். "தாயி" என்பதற்கு என்ன போடுவீர்கள்? பாட்டி அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

---

நிஷிகசாய் | 17 நவம்பர், காலை 6:45

ராத்திரி முழுக்க யோசித்தேன். பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. ஒலியை மட்டும் அவர்கள் எழுத்தில் "தாயி" என்றே எழுதிவிடுகிறேன். வயதானவர்கள் சின்னப் பெண்களை அம்மா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம், பிரியமானவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் கீழே ஒரு வரி சேருங்கள். மற்றதைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். "கொன்னான்" என்பதை அப்படியே வைத்திருக்கிறேன்.

---

செந்தூல்வீடு | 17 நவம்பர், பகல் 12:30

அப்பாவை முதலில் விசாரித்தீர்களா?

---

கிள்ளான்கரை | 19 நவம்பர், மாலை 4:50

விசாரித்தேன் அக்கா. முதல் பத்தியே அதுதான். முள்ளங்கிப் படத்தைப் பற்றியும் எழுதினேன்.

அப்புறம் அவள் கேட்ட வரிசையிலேயே பதில். அந்தத் தூணில் என் எழுத்து ஏன் இருக்கிறது என்று. தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதி, தோட்டத்தின் பெயர், 1943 என்று எழுதினேன். அவர் பெயரில் ஒரு 'ழ' வரும். அதன்பிறகு பாட்டி சொன்னது. நான் அன்றைக்கு அதை எப்படி மாற்றிச் சொன்னேன் என்பது. நீ ஹாங்காங் பிள்ளை இல்லை என்று தெரிந்திருந்தால் பாட்டி என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் அவரை விடவில்லை என்பதையும் எழுதினேன். சயாம்பேரன், அந்த வரி உங்களுடையது.

மொத்தம் ஐந்து பக்கம். பாட்டி தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றை வைத்தேன். இன்று பள்ளி முடிந்ததும் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம் என்றார்கள். பிலிப்பைன்ஸ் தோழியிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறேன். அவளால் எத்தனை நாள் முடியுமோ தெரியவில்லை.

---

சயாம்பேரன் | 19 நவம்பர், இரவு 8:15

நான் ஈப்போவில்தான் இருக்கிறேன். என்றைக்காவது நீங்கள் இரண்டு பேரும் காஞ்சனபுரிக்குப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அந்த இடம் தெரியும், வண்டியும் இருக்கிறது.